செராமிக் பூச்சும் இரண்டு வாளித் தண்ணீரும்

குடும்பத்திற்கென ஒரு வாகனம் வாசலுக்கு வந்து சேர்வது நம்மிடையே இன்றும் ஒரு பெரிய நிகழ்ச்சியாகவே இருந்து வருகிறது. மிதிவண்டிக் காலத்தில் தேங்காயெண்ணெய் தொட்டு ரிம்மைத் துடைத்தவர்களின் பிள்ளைகள், பின்னர் ஸ்கூட்டருக்கு உறை தைத்துப் போட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ இன்று காருக்குச் ‘செராமிக் பூச்சு’ என்னும் புதுப் போர்வையைப் போர்த்துகிறார்கள். பொருளைப் பேணவேண்டும் என்ற எண்ணம் மாறவில்லை. பேணும் முறைதான் மாறியிருக்கிறது. அம்முறை பற்றித் தவறான செய்திகள் பல உலவுகின்றன. எனவே, அத்தகைய பூச்சுடைய கார் ஒன்றை மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே கழுவிப் பராமரித்து வரும் நாங்கள், அறிந்தவற்றையும் கண்டவற்றையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாங்கள் தூத்துக்குடியில் வாழும் முதியவர் இருவர். வளைகுடா நாட்டில் பணியாற்றும் எங்கள் மகன் விடுமுறையில் வந்திருந்தபோது, எங்கள் மருத்துவமனைப் பயணங்களுக்கென ஒரு சிறிய கார் வாங்கித் தந்து, அதற்குச் செராமிக் பூச்சும் போடச் செய்தான். செலவு இருபத்தையாயிரம் ரூபாய். பூச்சுப் போட்ட கடையில், “இனி ஐந்து வருடத்திற்குக் கவலையே இல்லை; மழை பெய்தால் வண்டி தானே கழுவிக்கொள்ளும்” என்றார்கள். அயல்நாட்டு வெயிலில் உழைத்துச் சேர்த்த பணம் அது. ஆகையால், அந்தச் சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதை அறிந்துகொள்வது எங்கள் கடமையாயிற்று.

முதலில் இப்பூச்சு இன்னதென்று பார்ப்போம். காரின் இரும்புத் தகட்டின்மேல் துருத் தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, எல்லாவற்றிற்கும் மேலே நிறமற்ற மினுக்குப் பூச்சு என அடுக்கடுக்காக உண்டு. இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கனமே இருக்கும். இவற்றின்மேல் பூசப்படும் செராமிக் பூச்சோ, பெரும்பாலும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். நம் தலைமுடி ஒன்றின் பருமன் இதைப்போல் பல மடங்கு பெரிது.

இதன் மூலப்பொருள் புதியதன்று. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள சிலிக்காவே. சிலிக்கானைக் கொண்ட பிசின் வகைகளை எளிதில் ஆவியாகும் திரவத்தில் கரைத்துச் சிறு புட்டிகளில் விற்கிறார்கள். மேலே தடவியதும் திரவம் ஆவியாகிறது. எஞ்சிய பிசின் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, கண்ணாடியை ஒத்த ஒரு மெல்லிய படலமாக இறுகுகிறது. அது முற்றிலும் இறுகச் சில நாட்கள் ஆகும். ஆதலால், முதல் ஒரு வாரம் காரைக் கழுவலாகாது என்று சொல்வது காரணத்தோடு கூடிய அறிவுரையே.

நீர் உருண்டோடும் காட்சி யாவரையும் கவர்கிறது. ‘தாமரை இலைத் தண்ணீர்போல’ என்று நாம் வழிவழியாகச் சொல்லி வருகிறோமல்லவா? அந்த இலையில் தண்ணீர் ஒட்டாததன் காரணத்தை ஜெர்மானியத் தாவரவியலார் வில்ஹெல்ம் பார்த்லாட் மின்னணு நுண்ணோக்கியின் துணைகொண்டு ஆராய்ந்து, 1997-ஆம் ஆண்டில் தம் தோழர் ஒருவரோடு விரிவாக எழுதினார். இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும், அவற்றின்மேல் மெழுகுத் துகள்களும் உள்ளன. துளி மேடுகளின் நுனியில் மட்டும் தொட்டு நிற்பதால் ஏறத்தாழ முழு உருண்டையாகி, அழுக்கையும் சுருட்டிக்கொண்டு உருண்டுவிடுகிறது. காரின் பூச்சோ வழவழப்பானது. அதன்மேல் துளி அரைக்கோளத்திற்குச் சற்று மேற்பட்ட வடிவத்தில்தான் நிற்கும். சாய்வான இடங்களில் வழிந்தோடும். கூரையிலும் முன்மூடியிலும் தங்கிவிடும். தாமரை இலையைப்போல் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் ஆற்றல் அதற்கு முழுமையாக இல்லை.

‘9எச் கடினம்’ என்று விளம்பரங்களில் காணப்படும் சொல்லையும் இங்கு விளக்குதல் நலம். இது வைரத்தை உச்சியாகக் கொண்டு 1812-இல் பிரீட்ரிக் மோஸ் என்பார் வகுத்த பத்துப்படிக் கனிம அளவன்று, பென்சில் அளவு. 9எச் என்னும் மிகக் கெட்டியான பென்சிலால் அழுத்திக் கோடு கிழித்தாலும் கீறல் விழாது என்பதே அதன் பொருள். பென்சிலின் உட்கூறு காரீயகமும் களிமண்ணும் கலந்தது. தெருப் புழுதியில் உள்ள மணலோ, மோஸ் அளவில் ஏழாம் படியில் நிற்கும் கல். பென்சிலுக்கு அசையாத பூச்சு, மணலுக்கும் அசையாது என்று எண்ணுவதற்கில்லை. நெடுஞ்சாலையில் தெறிக்கும் கல்லுக்கோ, சாவியால் கீறும் குறும்புக்கோ இப்பூச்சு கவசமும் ஆகாது.

அப்படியானால் பயன்தான் என்ன? வெயிலால் நிறம் மங்குவது குறையும். பறவை எச்சமும் பூச்சிக் கறையும் உடனே உள்ளிறங்காமல் சற்று நேரம் தாங்கும். அழுக்கு இறுகப் பற்றாததால் குறைந்த நீரில், குறைந்த தேய்ப்பில் நீங்கும். சுருங்கச் சொன்னால், இது கழுவும் வேலையை ஒழிப்பதன்று, எளிதாக்குவது. அந்த எளிமையும் முறையாகக் கழுவுவோர்க்கே கிட்டும்.

எங்கள் ஊரில் முதற்பகை தண்ணீரேயாகும். உப்பளங்கள் சூழ்ந்த கடற்கரை நகரம் இது. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாத்திரத்தில் காய்ச்சினால் அடியில் வெண்மையாகப் படிவதை இல்லத்தரசியர் யாவரும் அறிவர். அதே சுண்ணமும் மக்னீசிய உப்பும்தாம் காரின்மேல் துளி உலர்ந்த இடத்தில் வெள்ளை வளையங்களாகத் தங்குகின்றன. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீர் கிடைக்காதவிடத்து 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. அவ்வெல்லையைத் தாண்டும் கிணறுகள் கடலோரத்தில் அரியனவல்ல. பூச்சில்லாத காரில் நீர் பரவி உலரும். பூச்சுள்ள காரிலோ துளி துளியாக நின்று உலர்வதால், உப்பெல்லாம் ஒரே புள்ளியில் திரண்டு கறையாகிறது. நீர் ஒட்டாமையே இங்குக் குற்றமாகிவிடுவதைக் காண்க!

இதற்கு எங்கள் வீட்டில் கண்ட வழிகள் இரண்டு. ஒன்று மழைநீர். தமிழகத்தில் 2003-ஆம் ஆண்டில் வீடுதோறும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டதல்லவா? மாடியிலிருந்து இறங்கும் குழாயின் கீழே மூடியுள்ள ஒரு பீப்பாயை வைத்து, முதல் மழையின் அழுக்கு நீரை விட்டுவிட்டுப் பின் வருவதைப் பிடித்து வைக்கிறோம். மற்றொன்று, குளிர்சாதனப் பெட்டியின் குழாயிலிருந்து சொட்டும் நீர். அது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து இறங்கியதாதலால், அதில் உப்பு இல்லை. புழுக்கமான இரவுகளில் அரை வாளிக்கும் மேலாகவே சேர்ந்துவிடுகிறது. கிணற்று நீரால் கழுவினாலும், இறுதியாக அலசுவதற்கு மட்டும் இந்த நீரைப் பயன்படுத்தினால் வெள்ளை வளையங்கள் தோன்றா. சிலர் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி கழித்து வெளியேற்றும் நீரைச் சிக்கனம் கருதிக் காருக்கு ஊற்றுகிறார்கள். உப்பு முழுவதும் ஒதுக்கப்பட்டுச் சேர்ந்திருப்பது அந்நீரிலேதான். தரை கழுவ அது தகும். பூச்சுள்ள காருக்குத் தகாது.

இனிக் கழுவும் முறை. காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலை ஐந்து மணிக்குமேல், நிழலில் நிறுத்தியே கழுவுதல் வேண்டும். முன்மூடியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூடாக இருப்பின் பொறுத்திருக்க வேண்டும். சூட்டில் சோப்பு நுரை அலசுமுன்னே உலர்ந்து கறைபடும். வேண்டிய பொருள்கள் சிலவே: இரண்டு வாளிகள், காருக்கென விற்கும், காரமும் அமிலமும் மிகாத நடுநிலை ஷாம்பு, மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, துடைக்கும் துண்டுகள் இரண்டு, சக்கரங்களுக்கெனத் தனியாக ஒரு பழந்துணி. துணி வெளுக்கும் தூள், பாத்திரம் விளக்கும் கட்டி, மண்ணெண்ணெய், தேங்காய் நார், கிழிந்த பனியன் ஆகியவற்றிற்கு இங்கு இடமில்லை. வெளுக்கும் தூள் காரம் மிக்கது. கரையாத துகள்கள் கீறவும் செய்யும்.

முதலில் சக்கரங்களைக் கழுவி முடித்துவிட வேண்டும்; அவற்றின் சேறும் பிரேக்கின் இரும்புத் தூளும் பிறகு மேலே தெறிக்கலாகாது. அடுத்து, எதையும் தேய்க்காமல் கூரையிலிருந்து கீழாக நீரை ஊற்றிப் புழுதியைக் கரைத்து விடுதல் வேண்டும். இப்படி எவ்வளவு மணல் போகிறதோ அவ்வளவு கீறல் குறையும். பின்னர் ஒரு வாளியில் ஷாம்பு நீரும், மற்றொன்றில் வெறும் நீரும் வைத்துக்கொண்டு, கையுறையை ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்து, வெறும் நீரில் நன்றாக அலசிப் பிழிந்து, அதன்பின்னரே மறுபடி ஷாம்பு நீரில் தோய்க்க வேண்டும். ஒரே வாளியாயின், எடுத்த மணலையே திரும்பத் திரும்பக் காரின்மேல் தேய்ப்போம். கூரை, கண்ணாடிகள், முன்மூடி, கதவுகளின் மேற்பாதி, இறுதியில் கீழ்ப்பாதி என்ற வரிசையே நன்று. அழுக்கு மிகுதியாக இருப்பது கீழே. வட்டமாகச் சுழற்றாமல் நேர்கோட்டில் மெல்ல இழுத்தல் வேண்டும், அழுத்தம் வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதியையும் நுரை உலருமுன் அலசிவிட வேண்டும்.

துடைப்பதும் ஒரு கலையே. துண்டை விரித்து மேலே படியவைத்து, இரு முனைகளையும் பிடித்து நம் பக்கம் மெல்ல இழுத்தால் போதும். நீரைத் துணியே குடித்துக்கொள்ளும். கை தவறித் துண்டு தரையில் விழுந்தால், அன்றைக்கு அதற்கு ஓய்வு. இத்துணிகளைப் பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு ஒட்டும். துணியை மென்மையாக்கும் திரவம் இட்டால் நீர் உறிஞ்சும் தன்மை கெடும். தனியே துவைத்து நிழலில் உலர்த்துவதே முறை.

பறவை எச்சம் அமிலத்தன்மை உடையது. வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே தடம் பதியக்கூடும். காய்ந்ததைச் சுரண்டலாகாது. ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடம் போட்டு வைத்து, ஊறியபின் அள்ளி எடுக்க வேண்டும். நீர்க்கறை வளையங்கள் தோன்றிவிட்டால், வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, நிழலில், முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து, துணியால் ஒற்றி ஒரு நிமிடத்திற்குள் நல்ல நீரால் அலசிவிடலாம். சில மாதங்களுக்குப்பின் நீர் முன்போல் உருளவில்லையென்றால் பூச்சு அழிந்துவிட்டதென்று பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் அழுக்குப் படலமே அதை மூடியிருக்கும். நன்றாக ஒருமுறை கழுவினாலே பழைய தன்மை திரும்புவதுண்டு. மூன்று நான்கு மாதங்களுக்கொருமுறை, சிலிக்கா கலந்த தெளிப்பு மருந்தை ஈரமில்லாத காரின்மேல் மெல்லத் தடவித் துடைத்து வந்தால் பூச்சின் ஆயுள் நீடிக்கும்.

இவ்வளவும் துணியையும் தண்ணீரையும் பற்றியவை. எங்களை உண்மையில் சிந்திக்க வைத்ததோ மனிதர் ஒருவரைப் பற்றியது.

எங்கள் தெருவில் எட்டு வீட்டுக் கார்களை விடியற்காலையில் துடைத்துத் தரும் முதியவர் ஒருவர் இருக்கிறார். மாதம் ஒரு காருக்கு நானூறு ரூபாய். கையில் ஒரு வாளி, தோளில் ஒரு துணி. அதே துணி எட்டுக் கார்களையும் கடந்து போகும். நகரங்களில் பல்லாயிரம் வீடுகளில் நடப்பது இதுவே. பூச்சுள்ள காருக்கு இதைவிடத் தீங்கானது பிறிதில்லை. இரவெல்லாம் படிந்த மணலை உலர்ந்த துணியால் இழுப்பது உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கு நிகர். இதை அறிந்த எங்கள் மகன், “அப்பா, முதல்ல அவரை நிறுத்துங்க, இருபத்தஞ்சாயிரம் வீணாப் போயிரும்” என்று தொலைபேசியில் சொன்னான். அவன் சொன்ன காரணம் சரியே. ஆயினும், மகனின் இருபத்தையாயிரத்தைக் காப்பதற்காக அந்த முதியவரின் நானூறைப் பறிப்பது முறையாகுமா என்ற கேள்வி எங்களை உறுத்திற்று. கார் துடைத்த பணத்தில்தான் அவர் தம் பேத்தியின் பள்ளிச் செலவை ஈடுகட்டி வருகிறார் என்பதை நாங்கள் அறிவோம்.

இரண்டு நாள் பேசிப் பார்த்தபின் அவரைத் திண்ணையில் அமர்த்தி, காப்பி கொடுத்து, உள்ளதைச் சொன்னோம். தினமும் துடைக்க வேண்டாம். பதினைந்து நாளுக்கொருமுறை எங்கள் வாளிகளாலும் துணியாலும் இம்முறைப்படி கழுவித் தந்தால் போதும். சம்பளத்தில் மாற்றமில்லை என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “மாசத்துல ரெண்டு நாள் வேலைக்கு முழுச் சம்பளம் வாங்குனா, சும்மா வாங்குன மாதிரி ஆவாதா அண்ணாச்சி?” என்று கேட்டார். எங்கள் இல்லத்தரசி முந்திக்கொண்டு, “சும்மா இல்லண்ணே. தெரியாதவங்க கையில விட்டா கெட்டுப்போற வண்டி இது. தெரிஞ்சு செய்யிறதுக்குத்தான் சம்பளம்” என்றாள். அந்தச் சொல் அவர் முகத்தைத் தெளிவித்ததை நாங்கள் இருவரும் கண்டோம்.

முதல் முறை கூடவே நின்று காட்டினோம். மறுமுறை அவரே எங்களுக்கு ஒன்றைக் கற்பித்தார். “கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல சாயங்காலம் கழுவாதிய, ஈரம் காயிறதுக்குள்ள மண்ணு வந்து ஒட்டிரும். காத்து அமந்த விடியக்காலம்தான் சரி” என்றார். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் அந்த வறண்ட காற்றின் போக்கை அவரினும் நன்கறிந்தவர் யார்? புட்டியோடு வந்த எந்தக் குறிப்பிலும் அச்செய்தி இல்லை. இன்று அத்தெருவில் மேலும் இருவர், தினசரித் துடைப்பை நிறுத்தி, அவரிடமே இம்முறையில் கழுவச் சொல்லி, பழைய சம்பளத்தையே கொடுத்து வருகிறார்கள். குனிந்தெழும் வேலை குறைந்ததால் முழங்கால் வலியும் தணிந்திருப்பதாக அவர் கூறுகிறார். எங்கள் மகனும் அடுத்த விடுமுறையில் வந்தபோது, காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, அவருக்கென ஒரு புதிய கையுறையை வாங்கி வந்தான்.

தண்ணீர்ச் செலவைக் குறித்தும் ஒரு சொல். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நிமிடத்திற்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் ஓடும்; கால் மணி நேரத்தில் ஒரு குடும்பத்தின் குடிநீரும் சமையல் நீரும் பல நாளைக்குரியவை சாக்கடையில் சேரும். மேற்கூறிய முறையில், எங்கள் வீட்டில் மொத்தமாக ஐம்பது லிட்டருக்குள் வேலை முடிகிறது. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றதை நாம் மறந்துவிடவில்லை. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூரில், குடிநீரால் வாகனம் கழுவுவோர்க்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று நீர் வாரியம் அறிவிக்க நேர்ந்தது. காரின் பளபளப்பு அண்டை வீட்டுக் குடத்தை வெறுமையாக்கிப் பெறும் ஒன்றாக இருத்தல் ஆகாது.

இப்பூச்சு ஒவ்வொரு காருக்கும் இன்றியமையாததா என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை, இல்லை என்பதே. சில நூறு ரூபாய் மெழுகைச் சில மாதங்களுக்கொருமுறை பூசியும் வண்டியை அழகாக வைத்திருக்க முடியும். கடன் வாங்கிப் பூச வேண்டிய பொருள் இதுவன்று. பூச்சு உள்ள காராயினும் இல்லாத காராயினும், இரண்டு வாளி, தூய துணி, நிழல், பொறுமை என்ற நான்கும் ஒன்றே. பூச்சுப் போட விரும்புவோர், கடையில் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்பதோடு நில்லாமல், எப்படிக் கழுவ வேண்டும், எந்தத் தண்ணீர் ஆகும், இடையில் பார்த்துத் தருவார்களா என்பனவற்றையும் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.

உங்கள் வாசலிலும் விடியற்காலையில் துணியோடு வருபவர் ஒருவர் இருப்பாராயின், அவரை நிறுத்துவதற்குமுன் ஒருமுறை அமர்த்திப் பேசிப் பாருங்கள். அவருக்கு இரண்டாவது வாளி ஒன்றும் நல்ல துணி இரண்டும் வாங்கித் தர ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.